தெருவைப் பார்த்த குழாய்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வேலையைக் கொடுத்தாலும் கேட்டதற்கு மேல் ஒரு படி செய்து தொலைப்பேன். (என் மனைவி வள்ளி இதற்கு வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.)

ரங்கூனில் தாமுவே பேட்டையில் மைக் செட் வைத்திருக்கிறேன். அம்மன் கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் நம்ம ஸ்பீக்கர் குழாய்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் ஊ எஸ்ரா கூப்பிட்டார். 'ஊ' என்பது இங்கே பெரியவர்களுக்குப் போடும் மரியாதை; என் வயசுக்காரர்களுக்கு 'கோ'. அவர் யூதர். இந்த ஊரில் மிஞ்சியிருக்கும் சொற்பக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. எட்டு நாள் விளக்கேற்றும் பண்டிகைக்காக, ஊர் நடுவே கியாக்டடாவில் மாடியில் ஒரு சின்னக் கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார். வெளிநாட்டிலிருந்தும் சில யூதர்கள் வருவதாகச் சொன்னார்.

"கோ சேகர், வயசானவங்க நெறைய. சத்தம் நல்லா கேக்கணும்" என்றார்.

உள்ளே கேட்க வேண்டும் என்பதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் நான் கோயில் ஆள். தெருவைப் பார்த்து ஒரு குழாய் கட்டாவிட்டால் சாமிக்கே அது விழாவாகப் படாது என்பது என் கட்சி. உள்ளே இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைத்தேன். கூடவே, யாரும் கேட்காமலேயே, மாடிக் கைப்பிடியில் ஒரு பெரிய குழாயையும் கட்டினேன். மைக்கைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு எதிர்த்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். நாட்டின் மிகச் சிறந்த ஒலி நிபுணர் டீ குடிக்கிறார் என்றுதான் அப்போது எனக்கு நினைப்பு.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். குழாயிலிருந்து ஆங்கிலம் கேட்டது. நான் முதலில் கவனித்தது அர்த்தத்தை அல்ல, தரத்தை. ஒரு கரகரப்பு இல்லை! பக்கத்து மேசைக்காரரைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம்தான் அர்த்தமும் வந்து சேர்ந்தது.

உள்ளே சண்டை. பூஜை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, மைக் உயிரோடு இருப்பது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டு அரசாங்கத்துக்காக வேண்டுவது நம் வழக்கம்" என்றது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கிழவர் குரல். "வேண்டுதல் ஒன்றும் ஓட்டு இல்லை."

"இந்த அரசாங்கத்துக்கு என் வாயால் ஆசி சொல்ல மாட்டேன்" என்றது ஓர் இளம்பெண் குரல். "எங்கள் ஊர்ச் சபையிலும் இதே கதைதான். இஸ்ரேல் அரசுக்கான வேண்டுதலைச் சொல்லலாமா கூடாதா என்று பாதிப் பேர் பாதிப் பேரோடு பேசுவதில்லை."

"அப்படியானால் ஜெபத்திலும் அரசியலா?"

"சேர்த்தது நானா? ஏற்கெனவே உள்ளேதானே இருக்கிறது!"

அரசாங்கம், அரசாங்கம் என்று அந்தச் சொல் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. நாடு இருந்த இருப்பில் அந்தச் சொல்லை நாங்கள் டீக்கடையில்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் சொல்வோம். என் கண்ணுக்கு முன்னால் என் ஆம்ப்ளிஃபையர் போனது, கடை போனது, நான் போனேன், பாவம் ஊ எஸ்ராவும் போனார். அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள், நாங்கள் இங்கேதானே இருந்தாக வேண்டும்? லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் லூஜீ நின்றார். (வார்டுப் பெரியவர். மேலே தகவல் போவதென்றால் அவர் வழியாகத்தான் போகும்.)

"குழாய் யார் கட்டுனது?" பர்மியத்தில் கேட்டார்.

"நான்தாங்க, லூஜீ."

"கவர்மென்ட் கவர்மென்ட்டுன்னு சொல்றாங்களே, என்னாது?"

"சாமி கும்புடுறாங்க."

"இவ்வளவு கோவமாவா?"

அந்த நேரம் பார்த்துக் குழாயில் ஊ எஸ்ராவின் குரல் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் செவ்வாய்க்கிழமை கெளம்பிடுவீங்க. நான் இங்கதான் இருப்பேன். அந்த வேண்டுதல்ல ஒரு வரி இருக்கு. அதை மட்டும் சொல்றேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நிதானமாக ஒரு வரி படித்தார். ஆளுகிறவர்கள் மனதில் இரக்கத்தை வை என்று கடவுளிடம் கேட்கும் வரி.

"இது என்னா சொல்றாரு?" என்றார் லூஜீ.

பிறந்ததிலிருந்து பர்மியம் பேசுகிறேன். அந்த நிமிஷம் இரக்கத்துக்குப் பர்மியச் சொல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. "ஆள்றவங்க மனசுல... மனசுல..." கடைசியில் வெறும் தமிழ் வந்து விழுந்தது. "கருணை!"

லூஜீ புருவத்தைச் சுருக்கினார். "கயுணாவா?"

அதேதான்! பாலி மொழி வழியாக அவர்களிடமும் அதே சொல் இருக்கிறது; அவர்கள் நாக்கில் ர, ய ஆகிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். "ஆமாங்க, கயுணா! ஆள்றவங்க மனசுல கயுணா இருக்கணுமாம்!"

அவர் குழாயை அண்ணாந்து பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "தாது, தாது, தாது" என்றார். நல்ல காரியத்தைக் கேட்டால், அப்படியே ஆகட்டும் என்று இங்கே சொல்வது அது. போகும்போது, "குழாயை உள்ள திருப்பு. பக்கத்து வீட்டுல புள்ள தூங்குது" என்றார்.

படியிலேயே உட்கார்ந்து, பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன். அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன் நான் மூச்சுவிட்டதில்லை.

மேலே போனேன். கிழவரும் அந்தப் பெண்ணும் அக்கம்பக்கமாக நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னதும் ஊ எஸ்ரா பாய்ந்து போய் மைக்கை அணைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த ரெண்டு பேரும் சேர்ந்து ஆமென் சொன்னது இந்த ஒரு வரிக்குத்தான். கீழ இருந்து மூணாவது ஆளும் சொல்லிட்டாரா?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நானும் வள்ளியும் குரலை உயர்த்தினால், மகள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். "அப்பா, குழாய் தெருவைப் பாக்குது" என்பாள். வள்ளி விடாமல், "எனக்கு வேண்டியது கயுணா" என்று முடிப்பாள்.

ஊ எஸ்ரா ஒவ்வொரு டிசம்பரிலும் கூப்பிடுகிறார். மைக் வேண்டாம், நீ மட்டும் வா என்கிறார். நான் போனதும் முதல் வேலையாக மாடிக் கைப்பிடியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழிக்கிறார்.