தேவாலயப் புத்தகத்தில் கிழிக்க வேண்டிய பக்கம்

கெல்சென்கிர்ச்சன்
9.5.2004

பெருமதிப்புக்குரிய சிற்றம்பலம் மாமாவுக்கு,

இங்கு யாவரும் நலம். நான் மட்டும் இன்னும் சில நாட்களுக்கு நலம். அங்கு நீங்களும் மாமியும் உங்கள் வழிகாட்டும் வல்லமையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

ஈஸ்டர் லீவுக்கு இங்கிலாந்து வந்த எங்களுக்கு லண்டனைக் காட்டாமல், இரண்டரை மணி நேரம் காரில் அடைத்து, ஆட்டு மந்தைகளுக்கு நடுவே எண்ணூறு வருடப் பழைய தேவாலயத்தைக் காட்டிய உங்கள் பெருந்தன்மையை மறக்க ஏலாது. என் கால்விரல்களும் மறக்கவில்லை. வாசலிலேயே அம்மா எல்லாரையும் சப்பாத்தைக் கழற்ற வைத்துவிட்டா. அந்தக் கல்தரையோ எண்ணூறு வருடமாக வெயிலைக் கண்டதில்லை. உள்ளே கல்லறைமேல் மூக்குடைந்த கல்வீரன் ஒருவன் படுத்திருந்தான். அப்பா உடனே என்னைப் பார்த்தார். மூக்கு உடைந்தபோது நான் பிறக்கவில்லை என்று நீங்கள்தான் சாட்சி சொன்னீர்கள். காப்பாற்றிய கையோடு, "நீ லத்தீன் படிக்கிறாய்தானே, இந்தக் கல்லிலை என்ன எழுதியிருக்கு, வாசி பாப்பம்" என்று மாட்டியும் விட்டீர்கள். "மருமக்களுக்கு வாரி வழங்கிய உத்தமர்" என்று வாசித்தேன். கண்கலங்கி ஐஸ்கிரீம் வாங்கித் தந்தீர்கள்.

அதற்குள் அம்மா மேசையில் பேனாவோடு ஒரு புத்தகத்தைக் கண்டுவிட்டா. நோயாளிகளுக்காகச் செபிக்கச் சொல்லிப் பெயர் எழுதும் புத்தகம். அம்மாவுக்கு அது அர்ச்சனைச் சீட்டு. "அபிராம், எல்லாற்றை பேரையும் நட்சத்திரத்தையும் வடிவாய் எழுது." எழுதினேன். பூ அடுக்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்து, நான் ஆங்கில எழுத்தில் எழுதிய பூரட்டாதி, திருவாதிரை எல்லாம் என்ன வருத்தம் என்று கவலையாகக் கேட்டா. "பிறப்பிலேயே வந்தது" என்றேன். பாவம், என் கையைப் பிடித்துக்கொண்டா.

இனி விஷயம். எல்லாரும் வெளியே போனபின் அடியில் நானும் தமிழில் எழுதினேன்: "கடவுளே, லத்தீனிலும் கணக்கிலும் ஐந்து. வகுப்பேற்ற மாட்டார்களாம். பள்ளிக்கூடத்து நீலக் கடிதம் அப்பா கண்ணில் படக்கூடாது." உங்கள் நாட்டில் எப்படியோ, இங்கே ஐந்து என்றால் அதோகதி; அதை வீட்டுக்கு அறிவித்து அப்பாவின் கையெழுத்துக் கேட்டு வருவதுதான் நீலக் கடிதம். அந்த ஆட்டுக் காட்டில் தமிழ் வாசிக்க யார் வரப்போகிறார்கள் என்ற துணிவு. குடையை மறந்தேன் என்று அப்பா திரும்பி உள்ளே போனதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், அப்பா அங்கே வாங்கிய தேவாலய வரலாற்றுப் புத்தகத்துக்குள் நீலக் கடிதத்தை ஒளித்தேன். அதை யார் வாசிப்பார்கள்?

நேற்று அம்மாவின் முழங்கால் நோ மாறிவிட்டது. "சக்தியான கோயில், கோடை லீவுக்குத் திரும்பவும் போவம்" என்கிறா. அப்பாவும் ஓம் என்கிறார். ஆகவே மாமா, இந்தச் சனிக்கிழமையே போய் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கோ. போகவர ஐந்து மணி நேரம்தான். உங்களுக்கு அது பொழுதுபோக்குத்தானே. கல்லில் எழுதியிருந்தது உங்களைப் பற்றித்தான் என்று நிரூபியுங்கோ.

மாமிக்கு வணக்கம், கல்வீரனுக்கு அனுதாபம்.

இப்படிக்கு,
அடக்கமான மருமகன்,
அபிராம்

பி.கு.: முத்திரை எடுக்க அப்பாவின் லாச்சியைத் திறந்தேன். நீலக் கடிதம் அங்கே இருக்கிறது. அப்பாவின் கையெழுத்தும், நாங்கள் திரும்பி வந்த கிழமைத் திகதியும் அதில் இருக்கின்றன. மேலே ஒரு துண்டு: "கடவுளுக்கு எழுதினதை அங்கையே வாசிச்சிட்டன். எனக்கு எப்ப சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், மாமா. போனால், என் வரிக்குக் கீழே "அவசரம்" என்று மட்டும் எழுதிவிடுங்கோ.