மூன்றரை நாளைக்கு ஒரு பெயர்ச்சி

ஓசூர்,
5.4.2009

கல்லாவியில் இருக்கும் பெரியப்பா மகன், ஜோதிடர் தீர்த்தகிரி அண்ணன் அவர்களுக்கு, சித்தப்பா மகள் ஜோதியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், மகன் முனிவேல், மருமகள், பேத்தி மாதேஸ்வரி எல்லோரும் சுகம். தாங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஊரார் சுகத்தையெல்லாம் கட்டம் போட்டுக் கையில் வைத்திருப்பவர் தாங்கள்தானே. அண்ணிக்கு முழங்கால் வலி என்று கேள்வி, விசாரித்ததாகச் சொல்லவும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இருக்காது. என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று தங்களுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். மாதேஸ்வரிக்கு ஜெர்மனியில் இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருக்கிறது. ஜூன் மாசம் போய்ச் சேர வேண்டும். முனிவேல் தங்களுக்குப் போன் போட்டுக் கேட்டான். சனிப் பெயர்ச்சி முடியும்வரை பெண் கடல் தாண்டக் கூடாது என்று தாங்கள் சொல்லிவிட்டீர்கள். அது செப்டம்பரில் என்கிறது காலண்டர், அதற்குள் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். கம்பெனியில் நாலு ரோபோவை ஒற்றை ஆளாய் மேய்க்கிறவன் முனிவேல், தங்கள் பேச்சைக் கேட்டதும் மகளின் பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை. பிள்ளை அழவில்லை, அழுதால் பரவாயில்லை. வேலை விஷயமாக இனி அப்பன் முன்னால் வாய் திறப்பதில்லை என்று இருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் அவள் என்ன படிக்கிறாள் என்று நானே தங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நானும் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு எல்லப்பன், கம்பெனி வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், "ஜோதம்மா, பேத்தி பெங்களூர்ல என்ன கெலஸம் பண்றா?" என்று கேட்டார். "கிரகம் பாக்குறா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தால், எங்கள் லைன் வீட்டு நடையில் செருப்பு வைக்க இடமில்லை. மடியில் ஜாதகத்தோடு அத்தனை பேர், ஒருத்தர் தட்டில் வெற்றிலை பாக்கு வேறு.

"தாத்தா, நான் பாக்குறது இந்தக் கிரகம் இல்ல. வெளிக் கிரகம்" என்றாள் மாதேஸ்வரி.

"வெளிக் கிரகம்னா எந்த வீட்ல உக்காரும்?" என்றார் எல்லப்பன்.

"எந்த வீட்லயும் உக்காராது. நம்ம சூரியனையே சுத்தாது. ராத்திரி பாக்குற நட்சத்திரம் ஒவ்வொண்ணும் ஒரு சூரியன், அதைச் சுத்துற கிரகம்."

"சரி, அது யாரைப் புடிக்கும்?"

"யாரையும் புடிக்காது தாத்தா."

"யாரையும் புடிக்காத கிரகத்துக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போனார். வெற்றிலைத் தட்டும் போனது. எனக்கு மட்டும் அந்தப் பேச்சு மனசைவிட்டுப் போகவில்லை அண்ணா. இத்தனை காலம் நம் தலையில் உட்காருகிற கிரகங்களையே கேட்டுப் பழகிவிட்டு, யாரையும் பிடிக்காமல் தன் பாட்டுக்குச் சுற்றுகிற கிரகம் ஒன்று இருக்கிறது என்றால், அது என்ன சீவன் என்று பார்க்கத் தோன்றாதா?

சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். முன்னூற்றுச் சொச்சம் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஒன்றையும் கண்ணால் நேராகப் பார்த்து ரசிக்க முடியாதாம். கிரகம் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு மயிரிழை மங்குமாம், அதைப் பிடிப்பார்களாம். "நீங்க பெயர்ச்சின்னா வீடு மாறுறதைச் சொல்றீங்க, நாங்க குறுக்க போறதைச் சொல்றோம்" என்றாள். இவள் பார்க்கிற ஒரு கிரகத்துக்கு மூன்றரை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. அதற்கு வருஷம் என்பதே மூன்றரை நாள்தான். வாரத்துக்கு இரண்டு பொங்கல்! அங்கே தாங்கள் கடை போட்டால், ஒரு பெயர்ச்சிக்குப் பலன் எழுதி முடிப்பதற்குள் அடுத்த பெயர்ச்சி வந்துவிடும். இங்கேயோ ஒரு சனிக்காகப் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறோம்.

அதோடு விட்டாளா, அந்தக் கிரகத்தின் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்றும் பார்ப்பார்களாம். இதைத்தான் நான் நம்பவில்லை. "ஏன்டி, சாயந்திரமானா நம்ம தெருவுல அடிக்கிற நாத்தம் எந்தக் கம்பெனி நாத்தம்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல. நீ அந்தாண்ட இருக்குற கிரகத்துக் காத்தைச் சொல்றியா?" என்றேன். அவள் எழுந்து காஸ் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு சிட்டிகை உப்பை எடுத்துத் தூவினாள். நீலமாக எரிந்தது பொசுக்கென்று மஞ்சளானது.

"நீ திருஷ்டி சுத்தி உப்பு போடுறப்ப இப்படித்தானே எரியும் ஆயா? உப்புல இருக்குற ஒரு சரக்குக்கு இந்த மஞ்சள்தான் நிறம். அந்தக் கிரகத்தோட ஓரத்துக் காத்து வழியா வர்ற வெளிச்சத்துல சரியா இந்த மஞ்சள் மட்டும் ஒரு துளி குறையுது. இங்க அடுப்புல வெளிய தள்ளுன மஞ்சளை, அங்க காத்து முழுங்குது. அதே சரக்கு."

"அங்க யாரு யாருக்குடி சுத்திப் போட்டா?" என்றேன். சிரித்துவிட்டாள். அண்ணா, எத்தனை பிள்ளைகளுக்குச் சுற்றிப் போட்டிருப்பேன், எத்தனை முறை அடுப்பு மஞ்சளாக எரிந்திருக்கும். ஏன் மஞ்சள் என்று ஒரு நாள் கேட்டேனா? யார் கண் பட்டது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் பார்ப்பது அமெரிக்காக்காரர்கள் வானத்தில் விட்ட டெலஸ்கோப்பு. ஹப்பிள் என்று பெயர். கம்பெனி பஸ் நீளம் இருக்குமாம். கீழேயிருந்து பார்த்தால் நம் காற்று குறுக்கே நிற்கிறது என்று மேலேயே சுற்றவிட்டிருக்கிறார்கள். கிரகம் மட்டுமில்லை, நட்சத்திரக் கூட்டம் கூட்டமாக, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கிளம்பின வெளிச்சம் இப்போது வந்து சேருவதையும் அது வாங்கி வைக்கிறது. எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. என்றைக்கோ நடந்ததை இன்றைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருக்க இந்தக் குடும்பத்தில் என்னைவிட்டால் ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

அப்படியே ஞாபகம் வந்தது, எழுதிவிடுகிறேன். எட்டுக் கிரகம் மகரத்தில் கூடின வருஷம், தை மாசக் கடைசி. உலகம் அழியப் போகிறது என்று நீங்கள்தான் கட்டம் போட்டுச் சொன்னீர்கள். அழியப் போகிற உலகத்தில் ஆடு எதற்கு என்று எங்கப்பா மூன்று ஆட்டையும் அறுத்து ஊருக்கே கறி போட்டார். மறுநாள் சூரியன் எப்போதும்போல் வந்தது. உலகம் அழியவில்லை, ஆடுதான் அழிந்தது. நீங்கள் இரண்டாம் முறை கறி கேட்டு வாங்கினதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே வருஷம் என்னைப் பெண் கேட்டு ராயக்கோட்டை தக்காளி மண்டிக்காரர் வீட்டில் வந்தார்கள். என் ஜாதகத்தை விரித்து, எட்டில் செவ்வாய் என்றாய். அவர்கள் எழுந்து போனார்கள். போனவர்கள் எங்கே போனார்கள்? நேரே உன் வீட்டுக்கு. உன் கூடப்பிறந்த பார்வதியைக் கட்டிக்கொண்டு போனார்கள். அவள் எட்டில் என்ன இருந்தது, தக்காளியா? தோஷத்துக்குத் தோஷம் சரி என்று என்னைச் சென்றாயனுக்குக் கட்டி வைத்தீர்கள். அந்த மனுஷன் தங்கம். கடைசிவரை ஒரு சொல் சொன்னதில்லை. அது வேறு விஷயம். கோபம் உன்மேல்தான்.

அந்தச் செவ்வாயைப் பற்றியும் பிள்ளையிடம் கேட்டேன். "வெறும் செம்மண்ணும் குளிரும்தான் ஆயா, காத்துகூட மெலிசு" என்றாள். ஏண்ணா, ஆள் அரவம் இல்லாத அந்தச் செம்மண்ணா வேலை மெனக்கெட்டுக் கல்லாவிக்கு வந்து என் கல்யாணத்தில் குறுக்கே விழுந்தது? முன்னூற்றுச் சொச்சம் கிரகம் இருக்கும்போது உன் கட்டத்தில் இருப்பது ஒன்பதுதான், அதில் இரண்டுக்கு உடம்பே கிடையாது. மிச்சத்தை எல்லாம் விட்டுவிட்டுப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு என்னை நிறுத்தினாய், சரி, நின்றேன். பேத்தியை நிறுத்தாதே.

இந்தக் கடிதம் கண்டதும் முனிவேலுக்குப் போன் போட்டு, மறுபடி கணக்குப் பார்த்தேன், ஒரு தடையும் இல்லை என்று சொல்லிவிடு. அதைச் சொன்னால் அந்த எட்டாம் வீட்டுச் செவ்வாயை நான் மறந்துவிடுகிறேன். ஆடுகளை மறப்பதாகச் சொல்லவில்லை.

அண்ணி முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவவும். வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், பார்வதி உள்பட.

இப்படிக்கு,
தங்கை ஜோதியம்மாள்

பின்குறிப்பு: அண்ணா அவர்களுக்கு, இது தங்களுக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும். அந்த ஹப்பிளுக்கு உடம்பு சரியில்லையாம். நிறம் பிரிக்கிற பெட்டி நின்றுபோய் அஞ்சு வருஷமாகிறது. வருகிற மே மாசம் மேலேயே ஆள் போய் ரிப்பேர் செய்யப் போகிறார்களாம். அது சரியானால்தான் மாதேஸ்வரி ஜெர்மனிக்குப் போயும் பிரயோசனம். அது எப்போது வானத்துக்குப் போனது என்று அவளிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். 1990 ஏப்ரல் 24, நம் ஊர்க் கணக்குக்குச் சாயந்திரம் ஆறு மணி. கிழமை செவ்வாய். எனக்கே பகீர் என்றது. அமாவாசை வேறு, பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம், அன்றைக்குத் தங்கள் வீட்டில்தான் விரதச் சாப்பாடு, எல்லோருக்கும் அப்பளம் இரண்டு, எனக்கு ஒன்று. அந்த நேரத்தில் பிறந்ததால்தானோ என்னவோ, பிறக்கும்போதே கண்ணில் கோளாறு, மூன்று வருஷம் கழித்து ஆளை அனுப்பிச் சரி பண்ணினார்களாம். எதற்கும் தாங்கள் ஒரு கட்டம் போட்டு, தோஷம் இருந்தால் பரிகாரம் என்ன என்று உடனே எழுதவும். பிள்ளைக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். இப்போதைக்கு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து உப்பும் மிளகாயும் மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறேன். மஞ்சளாகத்தான் எரிந்தது.