ஜன்னல் கம்பிக்குள் ஓர் இளவரசி

எழுத்தாளரின் தலை ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே இருந்தது. மற்றதெல்லாம் வீட்டுக்குள் இருந்தது. போகும்போது சமர்த்தாகப் போன தலை, திரும்பி வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு காதுகளும் முட்டுக்கட்டை போட்டன.

இது விபத்தல்ல, அவருடைய தொழில்முறை. பதின்வயதுப் பெண்கள் விழுந்து விழுந்து படிக்கும் மாயாஜாலத் தொடர் அவருடையது. அதில் வாள்வீச்சு இளவரசிக்கு ஆபத்துகளை அள்ளிக் கொடுப்பார். தப்பிக்கும் வழிதான் அவருக்குத் தோன்றவே தோன்றாது. அதனால் வீட்டில் அதே ஆபத்தில் தானே போய் மாட்டிக்கொண்டு மனைவியைக் கூப்பிடுவார். அவள் எப்படி மீட்கிறாளோ, இளவரசியும் அப்படியே தப்பிப்பாள்.

போன பாகத்தில் இளவரசி விழுந்த பாழுங்கிணற்றுக்காகத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் உட்கார்ந்து சிக்கிக்கொண்டார். மனைவி சமையல் எண்ணெயை ஊற்றி உருவி எடுத்தாள். இளவரசியின் சமயோசிதத்தை வாசகிகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். உண்மையை அவர் யாரிடமும், முக்கியமாக மனைவியிடம், மூச்சுவிடவில்லை.

இப்போது இளவரசி சிறையில் இருந்தாள். இன்று மாலைக்குள் அத்தியாயம் வராவிட்டால் தொடரையே நிறுத்திவிடுவதாகப் பதிப்பாளர் சொல்லிவிட்டார். அந்த இடம் புனைபெயரில் எழுதும் ஒருத்திக்குப் போய்விடுமாம். எதிலாவது மாட்டிக்கொண்டு முழிக்கும் மக்கு டிராகனை வைத்து ஊரையே சிரிக்க வைப்பவள் அவள். அந்தக் குப்பையை எழுத்தாளர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

"என்னங்க, மறுபடியுமா?"

"சும்மா காத்து வாங்கலாம்னு..."

"தலைய மட்டும் வெளிய அனுப்பியா?" மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "வலிக்குதா?"

"வலிக்காம?"

"எப்படி? குத்துற மாதிரியா, பிழியற மாதிரியா?"

"முதல்ல எடுத்துவிடு!"

"கொஞ்சம் அசையாம இருங்க." போனில் ஏதோ தட்டினாள். பாவம், வைத்தியம் தேடுகிறாள் என்று அவர் உருகிப்போனார்.

முதலில் சோப்பு நுரை தடவினாள். அது கண்ணில் போனது. அவர் கத்திய கத்தலில் தெருநாய் ஓடிவந்து மூக்கை நக்கியது.

"தலை போன வழியில உடம்பு போகாதா? வெளிய தள்ளிடறேன், வாசல் வழியா சுத்தி வந்துடுங்க."

அபார யோசனை! எழுத்தாளர் அந்த நிலையிலும் மனசுக்குள் கைதட்டினார். மனைவி தள்ளினாள். தோள் போனது, நெஞ்சு போனது, தொப்பை நின்றுவிட்டது. இளவரசிக்குத் தொப்பை கிடையாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பாதி எழுத்தாளர் தெருப்பக்கம் தொங்கினார். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், வெளிய கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"வெல்டிங்காரர வரச் சொல்லிட்டேன். கம்பிய அறுத்துடலாம்."

"வேண்டாம்! சிறைக்குள்ள எங்க இருந்து வெல்டிங்காரர் வருவார்?"

"எந்தச் சிறை?"

"அது... ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீயே ஏதாவது பண்ணும்மா. உன்னால முடியாதது என்ன இருக்கு?" அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

மனைவி வீட்டுக்குள் உதைத்துக்கொண்டிருந்த அவர் கால்களைப் பார்த்தாள். பிறகு போய்க் காரிலிருந்து ஜாக்கியை எடுத்துவந்தாள். தொப்பைக்கு மேலே, இரண்டு கம்பிகளுக்கு நடுவே குறுக்காக வைத்துத் திருகினாள். கம்பிகள் முனகிக்கொண்டே விலகின. எழுத்தாளர் பொத்தென்று பூச்செடிமேல் விழுந்தார்.

முட்டி சிராய்த்திருந்தது, ஆனால் அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இளவரசி ஒரு திருகுக் கருவியால் சிறைக் கம்பியை வளைப்பாள்! தொடர் பிழைத்தது. அந்தப் புனைபெயர்க்காரி இனி வேறு பிழைப்பைப் பார்க்கட்டும்.

"எனக்கு அவசர வேலை இருக்கு" என்று எழுந்தார்.

"எனக்கும்தான்" என்றாள் மனைவி, போனைத் தட்டியபடியே.

அப்போதுதான் வெல்டிங்காரர் வந்து சேர்ந்தார். வளைந்த கம்பியைப் பார்த்தார். செடியும் மண்ணுமாக நின்றவரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீங்களாம்மா? எங்க பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வந்து உங்க கதைய நீங்களே படிச்சுக் காட்டினீங்களே! அப்ப, பீப்பாய்க்குள்ள மாட்டிக்கிட்ட அந்த மக்கு டிராகன், சார்தானா?"