லாண்டரிக்காரர் வீட்டில் தெள்ளுப்பூச்சி

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. பஞ்சு உயிரோடு இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் பதறாமல் படி. இங்கே நானும் உன் அண்ணியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் சொல்லக் கை கூசுகிறது. ஆபரேஷனுக்குப் பின் உன் மகன் வீட்டில் முழங்காலை நன்றாக மடக்கி நீட்ட வருகிறதென்று கேள்விப்பட்டதில் சந்தோஷம். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமையே வந்து உன் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விடு. போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசி, கடைசியில் என்னையே மன்னிப்புக் கேட்க வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ அவனைக் கொண்டுவந்து விட்ட அன்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபடி ஏதேதோ சொன்னாய். எப்போது சோறு, எப்போது நடை என்றெல்லாம். என் காதில் எதுவும் ஏறவில்லை. என் கண் அவன் பிடரியிலேயே நின்றுவிட்டது. வெள்ளை வெளேரென்று இருக்கிற நாய்க்குக் கழுத்துக்குப் பின்னால் மட்டும் முடி ஒட்டிப்போய், பளபளவென்று எண்ணெய்க் கறை. ஆயுசு முழுக்க லாண்டரி நடத்தி, ஊரார் காலரில் இருந்த எண்ணெயையெல்லாம் எடுத்தவன் வீட்டுக்குள் கறையோடு ஒரு ஜீவன் நடமாடுவதா? உன் கார் தெருமுனை திரும்புவதற்குள் அவனைக் குளியலறையில் நிறுத்திவிட்டேன். முதலில் பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்ச வைத்து, பிறகு வெந்நீர், சோப்பு, மறுபடியும் சோப்பு. கறை போன இடம் தெரியவில்லை. அன்று முதல் தினமும் குளியல்தான். நீகூட அவனை இப்படி வைத்திருந்ததில்லை என்று உன் அண்ணியிடம் பீற்றிக்கொண்டேன்.

மழை விட்டது, புழுக்கம் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால், அவனுக்கு விரித்திருந்த வெள்ளைத் துண்டில் மிளகுத்தூளைக் கொட்டியது போல் கருப்பாகப் பொடி. உன் அண்ணிதான் எதையோ சிந்திவிட்டாள் என்று அவளைக் கடிந்துகொண்டு துண்டைத் தண்ணீரில் நனைத்தேன். பொடி கரைந்து செக்கச் செவேலென்று பரவியது. தங்கச்சி, எனக்குக் கறை தெரியும். தக்காளி வேறு, துரு வேறு, உதட்டுச்சாயம் வேறு. இது ரத்தம். உன் அண்ணியின் கைகால்களைப் பார்த்தேன், என் கைகால்களைப் பார்த்தேன். வெட்டுக்காயம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் கணுக்காலில் வரிசையாகச் சிவப்புத் தடிப்பு. சந்தேகம் வந்து, வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டு ஹாலில் நடந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் சாக்ஸில் கருப்புப் புள்ளி. விரலை வைத்தால் அது குதித்து அடுத்த சாக்ஸுக்குப் போகிறது. என் தொழிலில் கறை குதித்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கென்று பார்த்துச் சம்பந்தி வந்து சேர்ந்தார். சோபாவில் சாய்ந்து, மாடி எடுத்துக் கட்டப்போகும் திட்டத்தை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தினார். ஒரு காலால் இன்னொரு காலை மெல்லத் தேய்த்தார். மரியாதை தெரிந்த மனிதர், எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏதோ அவசர வேலை என்று எழுந்து போனார். மறுநாள் சம்பந்தியம்மாவிடமிருந்து போன். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணே, உங்க வீட்லேருந்து அவர்கிட்ட என்ன குடுத்து அனுப்புனீங்க?"

நான் சமாளித்த விதத்தை எழுதினால் எனக்கே வெட்கம். இதோடு விட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பஞ்சுவின் காதுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டைப் பட்டன் ஒட்டிக்கொண்டிருந்தது. உதிர்ந்த பட்டனைப் பொறுக்கித் தைத்துக் கொடுத்தே பழகிய கை, சும்மா இருக்குமா? தொட்டேன். பட்டனுக்குக் கால்கள் இருந்தன. நான் போட்ட கூச்சலில் உன் அண்ணி அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தாள். அது ரத்தம் குடித்து ஊதிப்போன உண்ணி. மறுநாளிலிருந்து பஞ்சு தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பு கொதித்தது. குளியல் என்றாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறவன், வாளிச் சத்தம் கேட்டும் படுத்த இடத்திலேயே கிடந்தான். துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நாய் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார். மழைக்குப் பின்னால் வரும் இந்தப் புழுக்கத்தில்தான் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் பெருகிப் புல்லிலிருந்து நாய் மேல் ஏறுமாம். துண்டில் கிடந்த கருப்புப் பொடி, ரத்தம் குடித்த தெள்ளுப்பூச்சியின் எச்சமாம். மாதாமாதம் பிடரியில் மருந்து விட்டால் தப்பித்துக்கொள்ளலாமாம். அந்த மருந்தை நீ ஊருக்குப் புறப்படும் முன் வாங்கிப் போனாயாமே, போடவில்லையா என்று கேட்டார். பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று நான் மெதுவாக விசாரித்தேன்.

"எண்ணெய் மாதிரி இருக்கும். ரெண்டு நாளைக்குத் தண்ணி படக்கூடாது. சொல்லியிருப்பாங்களே?"

நான் சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அண்ணி சும்மா இருந்திருக்கலாம்.

"இவருதான் டாக்டர், கறைன்னு நெனச்சுக் கழுவிட்டாரு."

வாசலில் நின்று நீ சொன்னதில் இதுவும் இருந்திருக்கும். இருந்தாலும் தப்பு உன்னுடையதுதான். லாண்டரிக்காரனிடம் கறையோடு ஒன்றை ஒப்படைத்துவிட்டுத் தொடாதே என்றால் நடக்கிற காரியமா? பஞ்சு இப்போது டாக்டரம்மாவிடம்தான் ஊசியும் கையுமாகப் படுத்திருக்கிறான். பிழைத்துவிடுவான் என்கிறார், கூடவே, பார்ப்போம் என்றும் சொல்கிறார். உன் வீட்டுக்காரர் போனபின் அந்த வீட்டில் உனக்குத் துணை அவன் ஒருவன்தான் என்பது எனக்குத் தெரியாதா? அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் வரச் சொல்கிறேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் போதும்.

முழங்கால் வலி விட்டு, நினைத்த இடத்துக்கு நினைத்தபோது நீ நடந்து போக வேண்டுமென்று வாழ்த்தும்,

உன் அண்ணன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டாக்டரம்மா போன் செய்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டானாம். போய்க் கூட்டிவந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வராதே. கால் முழுசாக ஆறட்டும், அவசரமே இல்லை. தப்பு உன்னுடையது என்று நான் எழுதியதை அடித்துவிடச் சொல்கிறாள் உன் அண்ணி. கடிதம் அசிங்கமாகிவிடும், நீயே அங்கே அடித்துக்கொள். பிடரியில் புது மருந்து விட்டாயிற்று. கூட்டிவரும் வழியில் சேற்றுக்குள் இறங்கிவிட்டு, இப்போதுதான் வெந்நீரில் போட்டு எடுத்த என் வெள்ளை விரிப்பின் மேல் ஏறிப் படுத்துவிட்டான். நான் எழுந்து போய் ஏதாவது செய்துவிடுவேனோ என்று உன் அண்ணி குளியலறைக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறாள். போடாவிட்டாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை. என் காலில் தலையை வைத்துத் தூங்குகிறான்.