ரோட்டுப் பக்கம் மட்டும் பளபளக்கிற கார்

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த (அறிவு தாய்மாமன் வழியில் வந்தது) என் அக்கா மகளுக்கு, உன் மாமா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அத்தை நலம், முட்டி தவிர. முட்டியும் நாளுக்கு நாள் நலமாகி வருகிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் இதேபோல் இருக்க விரும்புகிறேன், முட்டி விஷயம் நீங்கலாக.

முதல் வேலையாக உனக்கு நன்றி. நான் போனில் சொல்லச் சொல்ல நீ கம்ப்யூட்டரில் அடித்துப் போட்டாயே கார் விற்பனை விளம்பரம், அதில் "அரச பரம்பரை ஸ்டேஷன் வேகன், முழுக்கப் புதுப்பித்தது" என்று நான் சொன்னதை, "பழைய சொகுசு ஸ்டேஷன் வேகன், பாதி புதுப்பித்தது, ஓடாது" என்று நீயாக மாற்றிப் போட்டாய். அன்றைக்கு உன்னை என்னென்னவோ சொல்லிவிட்டேன். மாமன் முகத்தில் கரி பூசியவள் என்றுகூடச் சொன்னேன். அத்தனையும் வாபஸ். கரி பூசியதற்குக் கோடி நன்றி. ஏன் என்று கேட்டால் முறையாக முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு எழுத வரும். நான் எட்டாவது வரை படித்தவன், அதையும் மூன்று தடவை படித்ததால் பத்தாவது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். என்ன கார்! கப்பல் மாதிரி நீளம், பின்பக்கம் ஒரு குடும்பமே குடியிருக்கலாம், உள்ளே தேக்கு மரப் பலகை, தோல் சீட்டு, கூரை மேல் பெட்டி வைக்க வெள்ளிபோல மின்னும் கம்பி. ஒரு அமைச்சர் வைத்திருந்த வண்டி. விசாரித்துப் பார்த்ததில் அவருக்கு முன்னால் ஒரு அரசர் வைத்திருந்தார் என்று தெரிந்தது, நான்தான் விசாரித்தேன். எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு வந்து நம் வீட்டுக் கீழ்த்தள ஷெட்டில் உள்சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டுப் போனார்கள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் என் கை போகும், நான் போக முடியாது. அதனால் ரோட்டைப் பார்த்த பக்கத்தை மட்டும் புதுப்பித்தேன். அந்தப் பக்கத்தை முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினேன். எதிர் வீட்டு வக்கீல் ஆபீசுக்குக் கிளம்பும்போது அதில் பார்த்துத்தான் தலை சீவுவார். சுவர்ப்பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டியைத் திருப்ப வேண்டும், திருப்ப வேண்டுமென்றால் அது ஓட வேண்டும், ஓட வேண்டுமென்றால் என்ஜின் உள்ளே இருக்க வேண்டும், என்ஜின் மாடியில் உன் அத்தையின் கட்டிலுக்கு அடியில் ஆறு அட்டைப் பெட்டிகளில் இருந்தது. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது, நீயே சொல்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உன் அத்தைக்கு முட்டி ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாசம் படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் படுக்கிற அறை, சமையல்கட்டு எல்லாம் மாடியில், கீழே ஷெட்டும் ஒரு குளியலறையும்தான். ஆஸ்பத்திரியிலேயே முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன் நான், ஒரு விபத்து கிடையாது, எத்தனை ஆயிரம் பேரை மேலே கொண்டுபோய் விட்டிருப்பேன், கட்டின பெண்டாட்டியைப் பதினேழு படி ஏற்ற எனக்கு வழி இல்லை. அதனால்தான் அவள் உன் அம்மா வீட்டில் போய்ப் படுத்தாள். நான் இங்கே தனியாக மாடியில் உட்கார்ந்து, தினமும் போன் போட்டு, "ஷெட்டைக் காலி பண்ணி உனக்கு அறையாக்கிடறேன், மாசக் கடைசிக்குள்ள வந்துடு" என்று சொல்வேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "வண்டியா நானான்னு நான் கேக்க மாட்டேங்க. கேட்டா நீங்க யோசிப்பீங்க" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்திருப்பேனோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சரி, விளம்பரம் வந்தது. மறுநாள் காலையில் கூட்டம் ரோடு வரைக்கும், போலீஸ் வந்து ஒழுங்குபடுத்துகிற அளவுக்கு. அதில் முக்கியமானவர்கள் மூன்று பேர். முதலாமவர் விளம்பரத்தைக் கடைசி வரை படிக்காதவர், வந்ததும் வராததுமாக "ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமா?" என்றார். "என்ஜின் ஓய்வில் இருக்கிறது" என்றேன். "எங்கே?" என்றார். "மாடியில்" என்றேன். ஓய்வு என்றால் மாடியில்தானே எடுப்பார்கள், அதற்கு ஏன் அந்த மனுஷர் அப்படி முறைத்துக்கொண்டு போனார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இரண்டாமவர் சட்டைப் பையில் காந்தம் கொண்டுவந்திருந்தார். இது ஒரு தொழில் ரகசியம், தெரிந்துகொள்: காந்தம் தகரத்தில் ஒட்டும், ஒடுக்கை அடைக்கிற பட்டியில் ஒட்டாது. கண்ணாடி மாதிரி நான் ஆக்கிவைத்த பக்கத்தில் வைத்தார், விழுந்தது. நகர்த்தி வைத்தார், விழுந்தது. முன்கதவு, பின்கதவு, வரிசையாக விழுந்தது. அப்புறம் சுவர்ச் சந்தில் கையை விட்டு, துருப்பிடித்த பக்கத்தில் வைத்தார். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பெரியவரே, நீங்க கைவைக்காம விட்ட பக்கம்தான் நல்ல பக்கம்" என்றார்.

"அரசர் உட்கார்ந்த வண்டியைக் காந்தத்தால் அளக்கிறீங்களே, இது நியாயமா?" என்றேன்.

"அரசர் இந்தப் பக்கமா இறங்கியிருந்தா பட்டியோட இறங்கியிருப்பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காந்தத்தை அவரால் எடுக்க முடியவில்லை, உள்ளே போன கை வெளியே வந்ததே பெரிய பாடு.

மாசக் கடைசிக்கு இன்னும் நாலே நாள். உன் அம்மா வேறு போனில், "டேய், உன் பெண்டாட்டி வீட்டுக்குக் கிளம்பத் துணிப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, நீ இன்னும் மூணு வண்டி வாங்கினாலும் வாங்குவேன்னு சொல்றா" என்றாள். பழைய இரும்புக் கடைக்காரனைக் கூப்பிடலாமென்று நம்பரைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அப்போதுதான் மூன்றாமவர் வந்தார். போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். "பாதி புதுப்பித்ததுன்னு போட்டிருந்தீங்களே, எந்தப் பாதி சார்?" என்றார். கவனி, சார்! முப்பத்திரண்டு வருஷம் என்னை "லிஃப்ட்" என்றுதான் கூப்பிட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, இரண்டு கை விரலையும் சட்டம் மாதிரி பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓடாதுன்னு போட்டிருக்கே, நிஜமாவே ஓடாதா?" என்றார்.

அமைச்சர், அரசர், அரசருக்கு முன்னால் இருந்த அரசர், எல்லாரும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் உன் அத்தை மடியில் இருந்த துணிப்பை ஞாபகம் வந்தது. "ஓடாது" என்றேன்.

"அப்பாடா! ஓடுற வண்டின்னா குழந்தைங்க எதையாவது அமுக்கிக் கிளப்பிடும். அந்தப் பக்கம் எப்படி இருக்கும்?"

"அந்தப் பக்கம் இல்லைன்னே வச்சுக்குங்க."

"எனக்கு ஒரு பக்கம் போதும் சார். குடும்பத்தை முன்னால நிறுத்திப் படம் எடுக்கணும். படத்துல யாரு சார் காந்தம் வச்சுப் பார்க்கப் போறாங்க? முழுசாப் புதுப்பிச்ச வண்டி எனக்குக் கட்டுப்படியாகாது, பாதின்னு போட்டிருந்ததாலதான் வந்தேன்" என்றார்.

நீ போட்ட பாதியம்மா அது! அந்த ஒரு வார்த்தைதான் உன் அத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. மறுநாளே பதினாறு பேர் வந்து (எட்டுப் பேர்தான், ஆனால் பதினாறு பேர் பலம்) வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அட்டைப் பெட்டிகள் ஆறும் கூடவே போயின. நான் ஷெட்டுக்கு வெள்ளையடித்தேன், தரையில் ஒன்பது வருஷத்து எண்ணெய்க் கறையை மரத்தூள் போட்டுத் தேய்த்தேன், கட்டிலை இறக்கினேன். வண்டியின் கூரைக் கம்பியை மட்டும் ஸ்டூடியோக்காரரிடம் கேட்டு வாங்கி, கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரில் பதித்தேன். உன் அத்தை வெள்ளிக்கிழமை வந்து அதைப் பிடித்துக்கொண்டு தானாக ஆறடி நடந்தாள். நடந்து முடித்து, "ஒன்பது வருஷத்துல இந்த வண்டி இன்னைக்குத்தான் ஓடியிருக்கு" என்றாள். எனக்குக் கண்ணில் தூசு விழுந்துவிட்டது, மரத்தூள்தான்.

இனிமேல் ஸ்பேனரைக் கையால் தொடுவதில்லை என்று அவள் முன்னால் சத்தியம் செய்துவிட்டேன். காலையிலிருந்து ராத்திரி வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். முட்டியை எப்படி மடக்க வேண்டும், எப்படி நீட்ட வேண்டும், எந்த இடத்தில் சத்தம் வருகிறது என்று கூடவே இருந்து கவனிக்கிறேன். டாக்டருக்கே இரண்டு யோசனை சொன்னேன். என் துணையில் உன் அத்தை பூரித்துப்போய் இருக்கிறாள், வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நீயும் உன் வீட்டுக்காரரும் எந்தக் குறையும் இல்லாமல், கேட்டது கிடைத்து, கிடைத்தது நிலைத்து வாழ வேண்டும். உன் பிள்ளைகள் எட்டாவதை ஒரே தடவையில் தாண்ட இந்த மாமாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் நன்றி மறவாத மாமா.

பின்குறிப்பு: ஸ்பேனரைத் தொடுவதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அதையும், பூரித்துப்போய் இருக்கிறாள் என்பதையும் அடித்துவிட்டுப் படிக்கவும். நாலாவது நாளே உன் அத்தை ஸ்டூடியோக்காரருக்கு போன் போட்டு, "தம்பி, வண்டியை எடுத்தா ஆளையும் சேர்த்துத்தான் எடுக்கணும். இவர் என் முட்டியைப் பிரிச்சு அட்டைப் பெட்டியில வச்சிடுவார் போல இருக்கு. காலையில ஒன்பது மணிக்கு அனுப்பறேன், அஞ்சு மணிக்குத் திருப்பி அனுப்புங்க, சாப்பாடு அவரே கட்டிக்கிட்டு வருவார்" என்று சொல்லியிருக்கிறாள். ஸ்டூடியோவில் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் எனக்காகவே இரண்டடி இடம் விட்டிருக்கிறார்கள். சுவர்ப்பக்கத்தை ஆரம்பித்துவிட்டேன், இன்னும் ஒன்பது வருஷ வேலை இருக்கிறது. இந்தக் கடிதத்தையே வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இப்போது வெளியே ஒரு குடும்பம் படத்துக்கு நிற்கிறது, பதினோரு பேர். இத்துடன் முடித்துக்கொள்கிறேன். "சார், எழுதறதைக் கொஞ்சம் நிறுத்துங்க, வண்டி ஆடுது" என்கிறார் ஸ்டூடியோக்காரர்.