உசுரோட இருந்த மாமாவுக்கு ஒரு ஒப்பாரி

அந்தக் கோடி வூட்டுக்காரி சொன்னது பாதிதான் நெசம் கோமதி. ஆமாம், உசுரோட இருந்த மனுசனுக்கு ஒப்பாரி வெச்சவ நாந்தான். ஆனா அவ சொல்ற மாதிரி பாடையெல்லாம் கட்டல. மூங்கில் வாங்க ஆளு கெளம்புனதோட சரி. இப்படி ஒக்காரு, முழுசா சொல்றேன். (கதவ லேசா சாத்து. எம் மருமவ காதுல வுழுந்தா மறுபடியும் சிரிக்க ஆரம்பிச்சிடுவா, உலையில அரிசி போட ஆளிருக்காது.)

எம் பேத்தி மேகலா பன்னெண்டாவது முடிச்சதும் சினிமா படிக்கப் போறேன்னு நின்னா. சுனாமி வந்து ரெண்டு வருசம் ஆயிருக்கும் அப்ப. கடலூர் கோர்ட்டுல டைப்படிக்கிறானே எம் மவன் கலியமூர்த்தி, அவன் சோத்துத் தட்ட தள்ளி வெச்சிட்டான்.

"பொட்டப் புள்ள சினிமாவுல ஆடப் போவுதா?"

"ஆடறதுக்கு இல்லப்பா. பட்டணத்துல யுனிவர்சிட்டியிலயே படிப்பு இருக்கு. கேமரா, எடிட்டிங், சவுண்டுன்னு. நான் சவுண்டு படிக்கப் போறேன். ஸ்டூடியோவுல வேல கெடைக்கும், டிவியில கெடைக்கும்."

"சவுண்டுன்னா?"

"சத்தத்தப் புடிக்கிறது."

"சத்தம் புடிக்க மூணு வருசமா? உங்க ஆயா முன்னாடி மூணு நாளு ஒக்காரு, ஒலகத்துல இருக்குற எல்லாத்தையும் புடிச்சிடலாம்."

எனக்கு வந்துச்சே ரோசம்! பள்ளிக்கூடத்து வாசப்படிய மிதிக்காதவ நானு. பஸ்ஸுல போர்டு படிக்கத் தெரியாம, செதம்பரம் போறேன்னு ஏறி விருத்தாசலத்துல எறங்குனவ. "படிக்கறேன்னு ஒரு புள்ள கேக்குது, வேணாங்கறதுக்கு நீ யாருடா?"ன்னு ரெண்டு நாளு சோறு திங்காம கெடந்தேன். (மருமவ ரகசியமா இட்டிலி குடுத்தா. அது வேற.) கடைசியில எறங்கி வந்தான். ஆனா ஒரு கண்டிசன் போட்டான்.

"கடைசி வருசம் படம் ஒண்ணு எடுக்கணுமாமே, அத ஒழுங்கா முடிச்சா சரி. அதுல ஏதாச்சும் தலகுனிவு வந்துச்சு, மறுநாளே பி.எட். ஃபாரம்."

அந்தக் கடைசி வருசமும் வந்துச்சு. செதம்பரத்துல எந் தங்கச்சி அஞ்சல வூட்டுலதான் படம் எடுத்தாங்க. பழைய ஓட்டு வூடு, கூடம் நல்லா பெருசு. அஞ்சாறு புள்ளைங்க வந்துதுங்க. எம் பேத்தி காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, நீட்டக் கொம்பு நுனியில மைக்கு ஒண்ணு புடிச்சிக்கிட்டு நின்னா. அந்த மைக்குக்கு மயிரு மயிரா ஒரு சட்ட. பூனையக் கட்டித் தூக்குன மாதிரி இருந்துச்சு. மெசினெல்லாம் யுனிவர்சிட்டி சொத்து. சாயங்கால வண்டியில திரும்பப் போயாவணும்.

அன்னிக்கி முழுக்க வாயத் தொறக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டு அடுப்படியிலயே கெடந்தேன். அஞ்சலையோட மாமனாரு பின்னாடி ரூம்புல கட்டில்ல. எண்பது தாண்டுனவரு. எனக்கும் மாமா மொறதான். இருமுனாருன்னா பழைய டவுன் பஸ்ஸு கெளம்புற மாதிரி இருக்கும். மேகலா போயி, "தாத்தா, நான் சொல்றப்ப மட்டும் இருமாதீங்க"ன்னு கெஞ்சுனா. "உனக்காவ மூச்சையே நிறுத்துறேன் போ"ன்னாரு அவரு.

மூணு மணி இருக்கும். ஆளுங்களுக்கு டீ போட்டு தட்டத் தூக்கிக்கிட்டு கூடத்துக்கு வர்றேன், அத்தினி பேரும் கையக் கட்டி, தலயத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு பேச்சு மூச்சு இல்ல. பின்னாடி ரூம்புலருந்து இருமல் சத்தமும் இல்ல. அஞ்சல முந்தானைய வாயில அழுத்திக்கிட்டு நிக்கிறா. "என்னாடீ?"ன்னு ரூம்பப் பாத்து கண்ணக் காட்டுனேன். அவ பேசாம கையி ரெண்டையும் விரிச்சு விரிச்சு ஆட்டுனா.

வேற என்னாத்த நெனைக்கறது, நீயே சொல்லு. போயிட்டாருன்னுதான நெனைக்கணும்!

டீத் தட்டப் போட்டேன். தரையில வுழுந்தேன். "என்னப் பெத்த மாமா! இருமி இருமி ஊர எழுப்புவியே, இன்னிக்கி ஒன்ன யாரு எழுப்புவா!"ன்னு மாருல அடிச்சிக்கிட்டேன் பாரு, தெருவே கூடிப் போச்சு. பொம்பளைங்க தலய அவுத்து வுட்டுக்கிட்டு வந்து கட்டிப் புடிச்சாங்க. எதுத்த வூட்டுக்காரரு செல்லுல எம் மவனுக்கே சொல்லிட்டாரு. மேகலா "ஆயா, ஆயா"ங்குறா. தேம்புறான்னு நெனச்சி அவளையும் இழுத்து மடியில போட்டுக்கிட்டேன்.

அப்பதான் மாமா வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு வெளிய வந்தாரு.

"யாருடீ செத்தது?"

ஒருத்தி அலறிக்கிட்டே வாசலத் தாண்டி ஓடுனா.

பின்னாடிதான் மேகலா வெளக்குனா. யாரும் பேசாதப்ப ஒவ்வொரு ரூம்புக்கும்னு ஒரு சத்தம் இருக்குமாம். ரூம் டோனுன்னு பேராம். பேச்ச வெட்டி ஒட்டுற எடத்துல அடியில அதத்தான் போடுவாங்களாம், இல்லேன்னா படம் ஓட்ட வாளி மாதிரி ஆயிடுமாம். அதுக்குத்தான் ஒரு நிமிசம் அசையாம நின்னுருக்காங்க. அஞ்சல முந்தானைய வாயில அழுத்துனது சத்தம் வந்துடக் கூடாதுன்னு, கைய ஆட்டுனது "கத்தாதக்கா"ங்கறதுக்கு.

யாரும் சாவலன்னு சொல்ல கலியமூர்த்திக்கு போன் போட்டா, பஸ்ஸு எரைச்சல்ல அவன் எடுக்கல. ஒரு மணி நேரம் கழிச்சு தொப்பலா வேர்த்து, கையில ரோசாப்பூ மாலையோட வந்து எறங்குனான். மாமா வாசல்ல சேர் போட்டு டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு.

"வாடா கலியா. மால எனக்கா? கொஞ்சம் பெருசா பாத்து வாங்கக் கூடாது?"

எம் மவன் மூஞ்சியப் பாக்கணுமே! நேரா மேகலாகிட்ட போனான். "மூட்டையக் கட்டு. நாளைக்கே ஃபாரம்."

அவ அழுவல. "அந்த ஒரு நிமிசம் இன்னும் எடுக்கலப்பா. எடுக்கலேன்னா இந்தப் படமே இல்ல"ன்னா.

தெருவுல கூடுன கூட்டம் இன்னும் நவுரல. சாவு இல்லேன்னாலும் சேதி இருக்குல்ல! கசகசன்னு ஒரே பேச்சு. நான் முந்தானைய இழுத்து சொருவுனேன். கெடுத்தது நானு, நாந்தான சரி பண்ணணும்.

"ஏ பொம்பளைங்களா! அழ வந்தீங்கல்ல? இப்ப ஒரு நிமிசம் வாய மூடிக்கிட்டு நில்லுங்க. எவளாச்சும் வாயத் தொறந்தா அடுத்த ஒப்பாரி அவளுக்குத்தான்!"

கப்சிப். மாமா போயி கட்டில்ல படுத்துக்கிட்டாரு. மேகலா என்ன நெனச்சாளோ, காதுலருந்து ஹெட்போனக் கழட்டி அவ அப்பன் தலயில மாட்டி வுட்டா. மாலைய வெச்சிக்கிட்டே நின்னான். மொதல்ல மொறச்சான். அப்புறம் அண்ணாந்து ஃபேனப் பாத்தான். அப்புறம் பின்னாடி ரூம்பப் பாத்தான்.

ஒரு நிமிசம் முடிஞ்சுது. மேகலா ஹெட்போனக் கழட்டப் போனா, கையத் தட்டி வுட்டான்.

"இன்னொரு தரம் எடு."

"போதும்ப்பா."

"எடுங்குறேன். பெரியவரு மூச்சு வுடறது கேக்குது."

ரெண்டாந்தரமும் எடுத்தாங்க. முடிச்சிட்டு, கையில இருந்த மாலைய மேகலா கழுத்துல போட்டுட்டான். "டேய், அது சாவுக்கு வாங்குனதுடா!"ன்னு கத்துனேன்.

"யாரும் சாவலியேம்மா"ன்னான்.

பி.எட். பேச்சு அதோட போச்சு. இப்ப பட்டணத்துல ஸ்டூடியோவுல சத்தம் புடிக்கிறா. படம் முடிஞ்சு பேரு ஓடுறப்ப எனக்குப் படிக்கத் தெரியாதில்ல, அவ பேரு வந்ததும் எந் தொடையக் கிள்ளுவா. கைதட்டுவேன் பாரு, கொட்டாயே திரும்பும்.

ஆனா எங்க வூட்டு ஆளுங்க இருக்காங்களே, மானத்த வாங்கிடுவாங்க. இன்னிக்கும் ஒருத்தன் செத்த நேரம் பேசாம ஒக்காந்தா போதும், "டேய், ஒருக்கா இருமிடு, ஆயா பாக்குது"ம்பாங்க. போன பொங்கலுக்கு எல்லாரும் சாப்புட ஒக்காந்து வரிசையா இருமுனாங்க, நான் கரண்டியத் தூக்கிக்கிட்டு… அய்யய்யோ, கொழாயில தண்ணி வந்துடுச்சு! எந்திரி, எந்திரி, அந்தப் பச்சக் கொடத்த எடு கோமதி, கோடி வூட்டுக்காரி முந்திக்கப் போறா!