ஏழாவது விதியும் எருக்கலையும்

"ஞாயிற்றுக்கிழமை இதைப் பிடுங்கிவிட வேண்டும்" என்று வின்சன்ற் சொன்னபோது, வாமதேவன் அந்தச் செடிக்கு முன்னால் குந்தியிருந்து அதன் இலைகளில் படிந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வின்சன்ற் தோட்டச் சங்கத்தின் தலைவர். பாரிஸின் லா சப்பலில் ரயில் பாதையோரம் சும்மா கிடந்த நிலத்தை இருபது பாத்திகளாகப் பிரித்து அக்கம்பக்கத்தவர்களுக்குக் கொடுத்திருந்த சங்கம் அது. தொடர்ந்து மூன்று கோடை வெயில் கொளுத்தி, தோட்டங்களுக்குத் தண்ணீர் ஊற்றவே கட்டுப்பாடு வந்தபிறகு, சங்கம் கூடி ஏழாவது விதியை எழுதியது. தண்ணீரில்லாமல் தாக்குப்பிடிக்கிற, இந்த மண்ணுக்கே உரிய செடிகளை மட்டுமே இனி நடலாம். ஏற்கெனவே நிற்பவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்குப் பெற்றவற்றில் பாதி வின்சன்றின் பாத்தியில் நின்றன.

வாமதேவனுக்குக் கிடைத்தது கடைசிப் பாத்தி. பழைய தண்டவாளச் சல்லியும், பின்னால் ஒரு கொங்கிறீற் மதிலும். பின்னேரத்தில் அந்த மதில் கக்கும் சூட்டில் அப்பளம் பொரிக்கலாம். சங்கத்தில் அதற்கு 'சகாரா' என்று பெயர். வாமதேவன் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் காய்கறி வெட்டுகிறவர். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும் வரை மூன்று மணித்தியாலம் ஓய்வு. அந்த ஓய்வையெல்லாம் சகாராவுக்குக் கொடுத்தார். போட்ட மிளகாய் செத்தது. வெண்டி செத்தது. கடைசியில், பாலைவனத்துக்குப் பாலைவனத்துச் செடிதான் சரி என்ற முடிவுக்கு வந்து, சொந்த ஊரான ஊர்க்காவற்றுறைக்குப் போய்வந்த சினேகிதர் ஒருவரிடம் சொல்லி எருக்கலை விதை எடுப்பித்தார். நாற்பது விதை தூவினார். ஒன்று வந்தது.

வந்தது சும்மா வரவில்லை. அகன்ற சாம்பல் பச்சை இலைகளைத் தரையோடு விரித்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல், மதிலின் சூட்டை மதிக்காமல் வளர்ந்தது. மனைவி கோசலை ஒருநாள் வந்து பார்த்து இலையைத் தடவினாள்.

"என்னப்பா, எருக்கலை இலை இப்பிடிப் பஞ்சு மாதிரியே இருக்கும்?"

"குளிர் நாடெல்லே. அதுவும் ஸ்வெற்றர் போட்டிருக்கு" என்றார் வாமதேவன்.

வின்சன்ற் இது என்ன செடி என்று விசாரித்தபோது தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். எந்தப் புத்திசாலியும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் வாமதேவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இது எங்கள் நாட்டிலிருந்து வந்தது என்றார். அந்த இடத்தில்தான் ஏழாவது விதி எழுந்து நின்றது.

முதலில் அவர் மரியாதையான வழியில் போனார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் சுபாங்கியைக் கொண்டு ஒரு விண்ணப்பம் எழுதுவித்தார். இது மூலிகை, காலில் முள் ஏறினால் இதன் பால் இழுத்துவிடும், மூட்டு நோவுக்கு இலையைச் சூடாக்கிக் கட்டலாம் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் பிரெஞ்சில் எழுதினாள். கடைசியில், பால் கண்ணில் பட்டால் மட்டும் கவனம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவள் அதையும் எழுதினாள்.

வின்சன்ற் அந்தக் கடைசி வரியை மட்டும்தான் படித்தார் போலும். அடுத்தநாள் செடியைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா ஓடியிருந்தது. மண்டையோடு வரைந்த அட்டை ஒன்றும் தொங்கியது.

வாமதேவனுக்கு இரத்தம் கொதித்தது. ஒரு சனிக்கிழமை, எல்லோரும் தோட்டத்தில் நிற்கும் நேரம் பார்த்து நாடாவைத் தாண்டிப் போனார். இந்தப் பாலைத் தன் கையிலேயே பூசிக் காட்டப்போவதாக அறிவித்துவிட்டு, ஒரு இலையைப் பிடித்து முறித்தார்.

பால் வரவில்லை.

இன்னொன்றை முறித்தார். அதிலும் இல்லை. பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாமதேவன் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீரில்லாத இடம், அதனால் செடி பாலை மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவு கெட்டிக்காரச் செடி என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினார்.

வின்சன்றின் முகம் வெளுத்தது. "அப்படியென்றால் இது இந்த ஊருக்குப் பழகிவிட்டது. வெளியிலிருந்து வந்து இவ்வளவு விரைவாகப் பழகுகிற செடிகள்தான் ஆபத்தானவை. பரவத் தொடங்கினால் நிறுத்த முடியாது."

நஞ்சு என்ற குற்றச்சாட்டு போய், ஆக்கிரமிப்பு என்ற குற்றச்சாட்டு வந்து சேர்ந்தது. தேதியும் குறித்தார்கள். நகரசபையிலிருந்து ஒரு தாவரவியலாளர் அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வருவார், பார்த்துச் சான்று எழுதுவார், அதன்பிறகு பிடுங்கிவிடலாம்.

வாமதேவன் விடவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, லா சப்பல் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார். மரக்கறி வாங்க வந்தவர்கள், நகை பார்க்க வந்தவர்கள், புறநகர் பியர்ஃபித்திலிருந்து தலைமயிர் வெட்ட வந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. எருக்கலையைப் பிடுங்கப் போகிறான்களாம் என்ற செய்தி அடுத்த புறநகர் லா கூர்னெவ் வரை போனது. இரண்டு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.

ஆனால் கையெழுத்து வைத்தவர்கள் கையெழுத்தோடு நிற்கவில்லை. பாரிஸில் எருக்கலை நிற்கிறது என்றால் சும்மா விடுவார்களா? ஒருவருக்கு முழங்கால் நோவுக்கு இரண்டு இலை வேண்டும். இன்னொருவருக்குப் பிள்ளையாருக்கு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐம்பது பேர் தோட்டத்துக்குள் இறங்கினார்கள். பாதை தெரியாதவர்கள் சலாதுக் கீரை மேலே நடந்தார்கள். ஒரு அம்மா தக்காளிப் பந்தலில் தன் சால்வையைக் கொழுவிவிட்டு, செடியைச் சுற்றி மூன்று முறை வந்து கும்பிட்டாள். சங்கத்தில் அதுவரை வாமதேவன் பக்கம் நின்ற ஆறு பேரும் அன்றைக்கே வின்சன்ற் பக்கம் போய்விட்டார்கள்.

அன்றிரவு கோசலை சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் இருந்தாள். "ஒரு செடிக்காக ஊரோடை கொளுவுறியள். உது போனால் வேறை ஒண்டை நடலாம்தானே."

"செடிக்காக இல்லையப்பா" என்றார். சோற்றைப் பிசைந்தபடி இருந்துவிட்டு, பாதியில் கையைக் கழுவினார்.

ஞாயிறு காலை எல்லோருக்கும் முந்தி வந்து, செடியின் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் பறித்ததுபோக மிஞ்சியிருந்தது ஐந்து இலைதான். முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் மடியில் இருந்தது. கோசலையும் வந்தாள். வரமாட்டேன் என்று சொன்னவள்தான். வந்து கதிரைக்குப் பின்னால் நின்றாள். பத்து மணிக்கு வின்சன்ற் மண்வெட்டியோடு வந்தார். அவருடன், கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்க, மர்கரீத் என்ற அந்தத் தாவரவியலாளர். பின்னால் சங்கம் முழுவதும்.

வின்சன்ற் மரியாதையாகத்தான் கேட்டார், கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா என்று.

வாமதேவன் எழுந்திருக்கவில்லை. முதலில் பிரெஞ்சில்தான் தொடங்கினார். நாலாவது வசனத்தில் பிரெஞ்சு முடிந்துவிட்டது. மிச்சம் தமிழில் வந்தது.

"முப்பத்திரண்டு வருசமா இஞ்சை இருக்கிறன். வதிவிடக் கார்த் எடுத்தன், பிறகு பாஸ்போட் எடுத்தன். வரிசையிலை நிண்டு நிண்டு கால் வீங்கினதுதான் மிச்சம். இண்டைக்கும் கடையிலை ஒருத்தன் எந்த ஊர் எண்டு கேக்கிறான். லா சப்பல் எண்டால், இல்லை, உண்மையா எந்த ஊர் எண்டு கேக்கிறான். இதுவும் என்னை மாதிரித்தான் வந்தது. ஒருத்தரிட்டையும் தண்ணி கேக்கேல்லை. மற்றவன் வேண்டாமெண்டு விட்ட சல்லிக்குள்ளை நிண்டு பிடிக்குது. இதைப் பிடுங்கிறதெண்டால் முதல் என்னைப் பிடுங்குங்கோ."

கோசலை அதைப் பிரெஞ்சில் சொன்னாள். வீட்டில் அவரோடு மறுத்துப் பேசியவள், இங்கே ஒரு சொல் விடாமல் சொன்னாள். கடைசி வசனத்தை இரண்டு தரம் சொன்னாள். பின்னால் ஒரு ரயில் போய் முடிந்தது. வின்சன்ற் மண்வெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மர்கரீத் மட்டும் சல்லியில் முழங்காலிட்டார். கண்ணாடியைக் கண்ணுக்குக் கொடுத்து ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தார். அதன் பஞ்சை நகத்தால் சுரண்டினார். தண்டவாளப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். திரும்பிவந்து, வின்சன்றின் லவண்டரையும் துலிப் வரிசையையும் தக்காளிப் பந்தலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வாமதேவனிடம் திரும்பி, இதை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்.

"ஊர்க்காவற்றுறை" என்றார் வாமதேவன், மடியிலிருந்த கையெழுத்துகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

மர்கரீத் எழுந்தார். வின்சன்றின் கையிலிருந்த மண்வெட்டியை மெதுவாக வாங்கி மதிலில் சாத்தினார்.

"இதை எந்த நாட்டிலிருந்தும் யாரும் கொண்டுவரவில்லை, மெசியே. பாரிஸ் ரயில் பாதையோரமெல்லாம் தானாக முளைக்கிற எங்கள் ஊர்ச் செடி இது. இந்தத் தோட்டத்தில் வெளியிலிருந்து வந்தவை மற்ற எல்லாமும்தான்."